பதினோராவது இன்னிங்ஸில் ஒரு சாண்

ஏழோடு முடிந்திருக்க வேண்டிய ஆட்டம்.
ஏழில் நாலுக்கு நாலு.
எட்டில் ஒன்றுமில்லை, ஒன்பதில் ஒன்றுமில்லை,
பத்தில் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து காற்று எழுந்து
மஞ்சக்குப்பம் மைதானத்தையே கிளப்பியது.
சுண்ணாம்பு முதல் நாளே தீர்ந்துபோய்
எதிர்க்கடைக் கோலமாவில்தான் கோடு.
கல்மாவு. எறும்பும் சீந்தவில்லை.

நான் தனகோட்டி,
குறிஞ்சிப்பாடியில் பி.டி. வாத்தியார்.
பந்து வீசுகிறவளுக்கு
கேட்சர் நஸ்ரீனின் தலைமேல் முளைத்த
இன்னொரு தலை.

ஹோம் பிளேட் என் கைவேலை.
சிப்காட் லாரி ஒன்றின் மட்கார்டு ரப்பர்,
ஐந்து மூலையாக அறுத்து, வெள்ளையடித்து,
நாலு ஆணி.
ஐந்தாவது மூலைக்கு ஆணி கிடைக்கவில்லை.

பத்தாவதில் நெய்வேலிப் பெண் ஒருத்தி
சறுக்கி வந்து அவுட்டானாள்.
அவளோடு ஆணிகளும் பிடுங்கிக்கொண்டு
தட்டு முதல் பேஸ் பக்கம் ஒரு சாண் போயிற்று.
பார்த்தேன்.
இன்னிங்ஸ் மாறும்போது சரிசெய்யலாம் என்று நினைத்தேன்.
இன்னிங்ஸ் மாறியது. டீ வந்தது.
சூடாக இருந்தது டீ.

பதினொன்று, கீழ்ப்பாதி. கடலூருக்கு மட்டை.
இரண்டு பேர் அவுட்.
இரண்டாவது பேஸில் அஞ்சலாட்சி, சிங்காரத்தோப்பு,
காலில் சாக்ஸ் மட்டும்.
அவள் ஷூ
இப்போது மட்டை பிடித்து நிற்பவளின் காலில்.

ஷூ போட்டவள் அடித்தாள்.
பந்து நடுவே தாழப் பறந்து, புல்லில் உருண்டு,
எவளோ எடுத்து எறிவதற்குள்
சாக்ஸ் போட்டவள் மூன்றாவதை மிதித்துத் திரும்பிவிட்டாள்.
சுவரேறி நின்றவர்கள் எல்லாரும்
ஒரே வாயாக "ஓடுடீ!"
அவளும் பந்தும் நஸ்ரீனின் முழங்காலும்
ஒரே புழுதி.

புழுதிக்குள்
ஒரு கை மண்ணை அறைகிறது.
கைக்கும் ரப்பருக்கும் நடுவில்
அந்தச் சாண்.
அதில் வந்து இறங்குகிறது நஸ்ரீனின் கையுறை.

அவுட் என்றது என் கட்டைவிரல்.
நான் அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

"தட்டுதான் சார் நகந்துச்சு.
நான் சரியாத்தான் வந்தேன்."
அழவில்லை. உள்ளங்கையைக் காட்டினாள்.
கோலமாவு, கொஞ்சம் ரத்தம்.

கோச் ஞானப்பிரகாசி போனில் விதி தேடினாள்,
சிக்னல் சுற்றிச் சுற்றி நின்றது.
முதல் பேஸ் நடுவரைப் பார்த்தேன்.
"நான் என் பேஸைப் பாத்துட்டிருந்தேன் சார்."
சுவர்மேல் ஒருவன் கல்லெடுத்தான்,
எறியாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தான்.

"ரப்பர் எங்கேயோ ஹோம் அங்கே" என்றேன்.
விதியில் அப்படி இருக்கிறதா, தெரியாது.
குரல் மட்டும் திடமாக வந்தது.
கட்டணம் கட்டாதவன் எழுந்து நில்
என்று சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

பன்னிரண்டாவதில் நெய்வேலி ஒன்று எடுத்தது.
அவ்வளவுதான்.
ஐந்துக்கு நாலு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
குறிப்பு என்ற கட்டத்தில் பேனா கொஞ்சநேரம் நின்று
'காற்று' என்று எழுதியது.

எல்லாரும் போனபின் செல்போன் வெளிச்சத்தில் குனிந்தேன்.
நாலு ஆணிக்குழி.
அதில் மூன்றை மூடிக்கொண்டு
ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்த ஒரு கை.
ஷூவால் கலைக்கப் போனேன்.
கலைக்கவில்லை. காற்று பார்த்துக்கொள்ளும்.

விருத்தாசலம் பஸ்ஸில் ஏறினால்
பின்சீட்டு முழுக்க நெய்வேலிப் பிள்ளைகள், பாட்டு, கப்.
நஸ்ரீன் மட்டும் ஜன்னலில் தலைசாய்த்திருந்தாள்,
மடியில் கையுறை. தூங்கினாளா, தெரியாது.
யாரோ ஒரு பெண்
அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டி
"எடுத்துக்குங்க சார்" என்றாள்.

மடியில் சுருட்டிவைத்த ரப்பர்
ஒவ்வொரு பள்ளத்திலும் விலாவில் இடித்தது.
ஒரு கை நிறைய எடுத்துக்கொண்டேன்.
உப்பு சரியாக இருந்தது.